சொல்லடைவும் வரிசைக் கட்டளையும்

சொல்லடைவுக்காக அட்டைகளை அடுக்கிய பணியை இன்று யுனிக்ஸ் கட்டளைகள் நொடிப்பொழுதில் முடிக்கின்றன. வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த உரைக்கோப்பைச் ‘சார்ட்’ வரிசைப்படுத்துகிறது. அடுத்தடுத்து நிற்கும் ஒத்த வரிகளை ‘யூனிக்’ ஒன்றாக்கி எண்ணிக்கை தருகிறது. எனினும், வரிசைப்படுத்துதலை வெறும் இயந்திரப் பணியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எந்த வரிசை என்பது ஆய்வாளர் எடுக்க வேண்டிய முடிவாகும்.

மொழிச்சூழல் அமைப்பு ‘சி’ என இருப்பின், சார்ட் எழுத்துகளின் குறியெண்களையே ஒப்பிடுகிறது. யுனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளை ஒரே சட்டகத்தில் அமைத்த இஸ்கி தரத்தை அடியொற்றியது. ஆதலின் அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. நெடுங்கணக்கின்படி மதி, மரம், மலை, மழை, மறம், மனை என அமைய வேண்டிய சொற்கள் மதி, மனை, மரம், மறம், மலை, மழை என வெளிப்படுகின்றன. புள்ளியின் குறியெண் ககரம் முதலிய எழுத்துகளின் குறியெண்களுக்குப் பின்னதாதலின், அகராதிகளில் முற்படும் ‘அக்கா’ இங்கு ‘அகம்’ என்பதற்குப் பிற்படுகிறது.

கணினியில் தேடிக் கொள்ளலாம் எனின் வரிசை எதற்கு என வினவலாம். அச்சுப் பின்னிணைப்பில் தேடுபவர், ‘மனை’ உரிய இடத்தில் இல்லாமையால் அச்சொல் நூலிலேயே இல்லை எனக் கருதக்கூடும். இரு பட்டியல்களை ஒப்பிடும் ‘காம்’, இணைக்கும் ‘ஜாயின்’ ஆகிய கட்டளைகளும் ஒரே விதிப்படி வரிசைப்பட்ட கோப்புகளையே வேண்டுகின்றன.

எண்ணிக்கையிலும் இடர் உண்டு. ‘கொடி’ என்பதன் ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறியெண்களாகவோ பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றைக் குறியெண் ஒப்பீடு இரு சொற்களாகவே கொள்ளும். சொல் நிகழ்வெண்ணைக் கொண்டு நடையையோ காலத்தையோ வரையறுக்கும் ஆய்வில் இப்பிழை முடிவையே திரிக்கவல்லது.

தீர்வு அரிதன்று. முதலில் ‘செட்’ கட்டளையால் இருவகைப் பதிவுகளையும் ஒருமைப்படுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னர் அதன் நெடுங்கணக்கு வரிசையெண்களை ஒரு பத்தியாகச் சேர்த்து, அப்பத்தியின்படி சார்ட் செய்து, ‘கட்’ கட்டளையால் அதனை நீக்கிவிடலாம். கிரந்த எழுத்துகளின் இடத்தையும் ஆய்வாளரே வரையறுத்துக்கொள்ள இம்முறை இடந்தருகிறது.

பதிப்பாசிரியர் தாம் ஒப்புநோக்கிய சுவடிகளை முன்னுரையில் சுட்டுவது மரபு. அதுபோலவே, சொல்லடைவைப் பின்னிணைக்கும் ஆய்வேடு தான் பின்பற்றிய வரிசை விதியையும் கையாண்ட கட்டளைத் தொடரையும் பதிவு செய்தல் வேண்டும். பிறர் மீண்டும் செய்து சரிபார்க்க இயலாத அடைவு சான்றாகாது.