அழையாத குரலும் அயன்மொழியும்

தளவாய்புரத்தில் இரவாடை தைக்கும் பெண்டிர் தையற்பொறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தால், மறுமுனையில் கடன் வேண்டுமா என்று இந்தியில் ஒரு குரல்! தைத்த உருப்படிக்கேற்பக் கூலி பெறுவார்க்கு இத்தகைய ஒவ்வோர் அழைப்பும் இழப்பன்றோ? இந்தி தெரியாதெனின், வினவியவனே வெகுள்கின்றான். அழைத்தவன் அவன், நாணவேண்டியவள் இவளா?

சட்டம் இல்லாமலில்லை. 2007-இலேயே ‘அழைக்கற்க’ப் பதிவேடு வந்தது, 2018-இல் புதிய ஒழுங்குமுறையும் வந்தது. விளம்பரத்திற்கென 140 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கினர். தனியாள் எண்போன்ற பத்திலக்க எண்களுள் ஒளிந்துகொண்டு அழைப்பாரோ ஓய்ந்தபாடில்லை. 2025 பிப்பிரவரித் திருத்தத்தின்படி, பதிவு செய்யாதாரும் ஏழு நாள்களுக்குள் முறையிடலாம். பத்து நாள்களில் ஓர் எண்மீது ஐந்து முறையீடுகள் வந்தாலே நடவடிக்கை உண்டு. தமிழர் வாளா அழைப்பைத் துண்டித்துவிட்டு இருந்தால் அவ்வைந்து எங்ஙனம் சேரும்?

இன்னொன்று. விளம்பரம் முழுவதையும் தடுக்க, ‘இசுடார்ட் 0’ என்று ஆங்கில எழுத்துகளில் எழுதி 1909-க்கு விடுக்கவேண்டுமாம். ‘வேண்டா’ என மறுக்கவும் தமிழனுக்கு ஆங்கிலமா? (தீபாவளித் தள்ளுபடியை ஆங்கிலத்தில் அனுப்பும் நம்மூர்க் கடைக்காரர் நடுவணரசைப் பழிக்கத் தகுதியுடையரல்லர்.) அதே எண்ணை அழைத்துப் பேசியும் பதியலாம். அழைப்பார் தமிழிலேயே பேசுக. தமிழிலேயே விடை கேட்க. ஏமாந்து பணமிழந்தாரோ நாணி மறைத்திராது உடனே 1930-ஐ அழைக்க. பணம் கைமாறுமுன் முடக்க அவ்விரைவே உதவும்.