மணமோதிரத்துக்கு ஏற்ற உலோகம் எது?

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில், கரோல்பாக்கில் வாழும் ஓர் அம்மையார் என்னை நிறுத்தி ஒரு வழக்கைத் தீர்த்து வைக்கச் சொன்னார். தை மாதம் அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிளாட்டின மோதிரம் விரும்புகிறார். மகளோ வைரக்கல் பதித்த வெள்ளைத் தங்கம் கேட்கிறாள். தாயாருக்கு 22 காரட் மஞ்சள் தங்கத்தைத் தவிர வேறெதுவும் தங்கமாகவே தோன்றவில்லை. மூவர் பேச்சிலும் நியாயம் இருந்ததுதான் வழக்கின் சிக்கல்.

தாயாரின் கட்சியை முதலில் பார்ப்போம். 22 காரட்டில் ஆயிரம் பங்குக்கு 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நிறம் மங்காது, அவசரத்துக்கு விற்றாலும் நல்ல விலை கிடைக்கும், எந்த ஊர்ப் பத்தரும் அளவைக் கூட்டிக் குறைத்துத் தருவார். கல் இல்லாத வளைய மோதிரத்துக்கு இதுவே போதும். ஆயினும் அது மெத்தென்ற உலோகம். என் மணமோதிரம் 22 காரட்டில் கல் வைத்துச் செய்தது. ஏழாம் ஆண்டில் ஒருநாள் அரிசி களைந்துவிட்டுக் கையைப் பார்த்தால், கல்லைப் பற்றியிருந்த கால் வளைந்து கிடந்தது, கல்லைக் காணோம். கழுநீரை மூன்று முறை வடிகட்டியும் பயனில்லை. ஆகவே, கல் பதிப்பதானால் 750 பங்கு தங்கமுள்ள 18 காரட்டே ஏற்றது.

18 காரட் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் வியப்பன்று. 1963இல் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை புதிதாகச் செய்யலாகாது என்று அரசு விதித்ததை அவர்கள் எளிதில் மறப்பார்களா? பின்னர் அவ்விதி தளர்ந்தது. பொன் கட்டுப்பாட்டுச் சட்டமே 1990இல் நீக்கப்பட்டது.

வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே பூசிய ரோடியத்தின் வெண்மையே. நாளும் அணிந்தால் பூச்சுத் தேய்ந்து இள மஞ்சள் எட்டிப் பார்க்கும். மீண்டும் பூச வேண்டும். நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குத் தோல் தடிக்கும். பல்லேடியம் கலந்ததா என்று கேட்டு வாங்குவது நன்று.

பிளாட்டினத்துக்குப் பூச்சு வேண்டாம். வெண்மை அதன் இயல்பே. 950 என்னும் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். ஆனால் தங்கம் 1064 பாகை வெப்பத்தில் உருகும். பிளாட்டினமோ 1768 பாகையில்தான் உருகும். சொந்த ஊர்ப் பத்தரின் ஊதுகுழலுக்கு அது எளிதில் இணங்காது. மாற்றலில் ஊர் ஊராகச் செல்லும் நம் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விரல் பருத்தபின் மோதிரத்தைப் பெருநகரக் கடைக்கே எடுத்துவர நேரலாம்.

எந்தக் காரட் தங்கமாயினும் ஹால்மார்க் முத்திரையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி கட்டாயம். கைபேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதனை இட்டால் நகையின் விவரம் தெரியும். பழகிய பத்தர் அருகில் இல்லாத நமக்கு இது பேருதவி. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. மெல்லிய மோதிரங்கள் பல அவ்விலக்கில் நழுவிவிடும். அங்கேதான் விழிப்பு வேண்டும்.

அம்மையார் வீட்டில் ஒருவாறு உடன்பாடு ஆகியிருக்கிறது. பெண்ணுக்கு 18 காரட் மஞ்சள் தங்கத்தில் கல் மோதிரம். மாப்பிள்ளை தம் பிளாட்டினத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அளவு எடுப்பதுதான் பாக்கி. தில்லிக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். மார்கழிக் காலையில் அளவு கொடுத்துவிட்டுச் சித்திரையில் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டாம், நண்பகலில் கை வெதுவெதுப்பாக இருக்கும்போது போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.