மாற்று மருந்து எங்கே?

பனியன் நகரம் என்று பெருமை பேசுகிறோம், தோழர்களே! அந்தப் பனியனுக்குச் சாயம் ஏற்றும் ஆலையின் தொட்டிக்குள் இறங்குகிறவன் கதியை எண்ணிப் பார்த்ததுண்டா?

2025 மே மாதம். பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்யத் தொழிலாளர் இறக்கப்பட்டனர். நச்சுவாயு தாக்கிற்று. மூன்று உயிர்கள் போயின. இறக்கப்படுவோர் எந்தச் சாதியினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய சாவு நேரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: “ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து இல்லையா?” நியாயமான கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

காற்றுப்படாத கழிவுச் சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது ஹைட்ரஜன் சல்பைடு எனும் வாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகுந்தாலோ நாற்றமே தெரியாது; மூக்கின் உணர்ச்சியையே அது கொன்றுவிடுகிறது. “நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம்” என்று நம்புகிறவன் சாவை நம்புகிறான். பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு கலந்திருந்தால் போதும், ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்வான். அவனைத் தூக்கப் பாய்ந்து இறங்கும் தோழனும் சாய்வான். சயனைடைப் போலவே, உடலின் அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிடும் நஞ்சு இது.

மருந்து? சோடியம் நைட்ரைட் ஊசி உண்டு, ஹைட்ராக்சோகோபாலமின் உண்டு. இரண்டும் சயனைடு நஞ்சுக்கு அறியப்பட்டவை. இந்த வாயுவுக்கு அவை உயிர் காக்கும் என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை. நைட்ரைட்டைச் சில நிமிடங்களுக்குள் போட்டால் ஒருவேளை பயன்படலாம். அதுவும் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டேதான். ஆக, மருத்துவர் கையில் மிஞ்சுவது பிராணவாயுவும், செயற்கைச் சுவாசமும், சரியும் இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகளுமே. திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தொட்டிக்குள் இல்லையே!

மருந்தைத் தேடும் நம் கண், ஆளை இறக்கிய கையைக் காண மறுப்பதேன்?

பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறையும், 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கிற்று. விலை ஏறிற்று, சாவு நின்றதா?

“தாமாகவே இறங்கினார்கள்” என்பார் முதலாளி. “ஒப்பந்தக்காரர் ஆட்கள்” என்பார் மேலாளர். தாமாகவே தொட்டியில் இறங்கும் அந்த ஆசை முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒருநாளும் வருவதில்லை, விந்தைதான்!

கிளைத் தோழர்களே, உங்கள் பகுதிச் சாய ஆலையின் வாயிலில் நின்று கேளுங்கள்: கழிவு உறிஞ்சும் வண்டி கடைசியாக வந்தது என்று? வாயு அளக்கும் கருவி எங்கே? ஆளை இறக்க அனுமதி தந்து கையெழுத்திட்டவர் யார்? பதில் தராத ஆலையின் பெயரை மாவட்ட ஆட்சியருக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் எழுதுங்கள். நகல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.