டிம்மிலும் கண் கூசும்

எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். குற்றம் என்னுடையது என்று புரிய இரண்டு இரவுகள் ஆயின. பழைய மாருதி 800-இன் மங்கிப்போன முகப்பு விளக்குகளை வீட்டிலேயே மாற்றியவன், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பார்ப்பது எளிது. டயர்களில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளிக் காரை நேராக நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 7.5 செ.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறியிருக்கும். அது ஓரமாக நடப்பவர்கள் தெரிவதற்காக. ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதன் திருகுகளைத் திருப்புங்கள். ஒன்று மேல் கீழாக நகர்த்தும், இன்னொன்று பக்கவாட்டில்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை அதன் ஆயுளைக் குறைக்கும். 60/55 வாட்டுக்கான ஒயரில் 100/90 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகலாம். எதிரே வருபவருக்கோ கண்ணே தெரியாது.

மூன்றாம் இரவு லாரிகள் பேசாமல் கடந்து போயின. செலவு, ஒரு சாக்பீஸ்.