"செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" - தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் போதும்... முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் வாட்ஸ்அப் குரூப்களில் காலை வணக்கத்துக்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும். "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" காரை மேம்பாலத்தில் நிறுத்துவதா, ஃப்ரிட்ஜைத் தூக்கி கட்டில் மேல் வைப்பதா, பெரியவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதா... பல வீடுகளில் அந்த ஒரு எண்தான் முடிவு செய்கிறது.

2015 டிசம்பர் விட்டுச் சென்ற பயம் இது. டிசம்பர் 2 காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது.

24 அடி ஏரி... 22 அடியிலேயே ஏன் கவலை?

செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்னும் 2 அடி பாக்கி இருக்கும்போதே ஏன் ஷட்டரைத் தூக்குகிறார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டும் எழுகிறது.

காரணம், கரை. இது மண்ணால் ஆன கரை. கான்கிரீட் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் ஓரளவு தாங்கும். மண் கரை தாங்காது. ஓர் இடத்தில் வழிய ஆரம்பித்தால், அந்த இடத்து மண்ணை அரித்து, பள்ளம் பெரிதாகி, சில மணி நேரத்தில் கரையே உடைந்துவிடும். அதனால்தான் நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி விடுகிறார்கள். காற்றடித்தால் எழும் அலை கரையை அரிக்காமல் இருக்க, உள்பக்கச் சரிவில் கற்களைப் பதிக்கிறார்கள்.

கரையின் வெளிப்பக்கத்தையும் கண்காணிக்க வேண்டும். அங்கே கசியும் நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கலாக வந்தால், கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். மர வேரும் எலி வளையும்கூட தண்ணீருக்கு வழிகாட்டிவிடும். கரையில் புதர் வெட்டுவது அழகுக்காக அல்ல!

6 நாளா... 5 மணி நேரமா?

ஒரு சின்னக் கணக்கு. 22 அடிக்கும் 24 அடிக்கும் நடுவில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 500 மில்லியன் கன அடி. புதிதாகத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்து இதை வெளியேற்ற கிட்டத்தட்ட 6 நாள் ஆகும். அடையாறு இதை அமைதியாக வாங்கிக்கொள்ளும். அதையே விநாடிக்கு 29,000 கன அடியாகத் திறந்தால் 5 மணி நேரம்கூட ஆகாது. ஆனால், ஆறு தாங்காது.

அப்படியானால் முன்கூட்டியே திறந்துவிடலாமே? அதிலும் சிக்கல். இது சென்னையின் குடிநீர் ஏரி. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. மழை வருமா வராதா என்பதைச் சரியாகக் கணிக்காமல் திறந்தாலும் தப்பு, திறக்காவிட்டாலும் தப்பு. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த சி.ஏ.ஜி. அறிக்கை, அதை மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்றே குறிப்பிட்டது.

முடிச்சூருக்கு வருவது எந்தத் தண்ணீர்?

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர், திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் கலக்கிறது. அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அதற்குக் கீழே இருப்பவை. அவர்களுக்கு அந்த 'எத்தனை அடி' உயிர்க் கேள்வி.

ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். கீழே ஆறு நிரம்பி ஓடினால், மேலே தேங்கிய நீர் வடிவது தாமதமாகலாம். மற்றபடி செம்பரம்பாக்கம் ஷட்டரை மூடினாலும் இந்த வெள்ளம் வரும்.

இந்தச் சிறிய ஏரிகளில் பெரும்பாலும் ஷட்டரைத் தூக்கி உபரி நீரை விடும் ஏற்பாடு கிடையாது. கலங்கல்தான். நிரம்பினால் தானாக வழியும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. அதனாலேயே, "தண்ணீர் திறக்கப்படுகிறது" என்ற அறிவிப்பும் வராது.

2015-க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினார்கள்; மூடு கால்வாய்கள் கட்டினார்கள். தண்ணீரை மேலேயே தடுத்து நிறுத்த, ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் பணியும் தொடங்கியது. நிலம் எடுப்பதில் அது இழுபட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் தண்ணீரில் நின்றன.

எனவே அடுத்த மழைக்கு குரூப்பில் இன்னொரு கேள்வியும் சேரட்டும். "மணிமங்கலம், ஆதனூர் ஏரி கலங்கல் தாண்டிடுச்சா?" அந்தப் பக்கம் இருக்கும் சொந்தமோ நண்பரோ அனுப்பும் ஒரு போட்டோ, சில மணி நேர அவகாசம் தரலாம். கரையில் கசிவோ அரிப்போ கண்ணில் பட்டால், ஃபார்வேர்டு செய்வதற்கு முன்னால் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கோ, 1070 என்ற மாநில எண்ணுக்கோ ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜைத் தூக்கி வைக்க அந்த அவகாசம் போதும். பாட்டியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போகவும்தான்!