கணினி மந்தமா, இணைப்பு மந்தமா?



பேராவிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. மகள் எஸ்.பி.எம். முடித்து, மேற்படிப்புக்கு இணையத்தில் விண்ணப்பம் செய்துகொண்டிருக்கிறாள். வீட்டில் இருப்பதோ உறவினர் கொடுத்த பத்து வருடத்துப் பழைய கணினி. ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்து அரிசியும் வெந்துவிடுகிறதாம். கணினிக் கடைக்காரர் புதியது வாங்கச் சொல்கிறார். இணைப்புக் கொடுத்தவர்களோ, இன்னும் கூடுதல் வேகமுள்ள பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்டுக் காசு கட்டுவது என்பது தாயாரின் கேள்வி.

இப்போதைக்கு இருவருக்கும் கட்ட வேண்டாம், அம்மா. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. ஒரு புதுக் கணினி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். விற்கிறவர் விற்கத்தான் பார்ப்பார், அதில் தவறில்லை. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்து வாங்கலாமா? கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். செலவு ஒரு காசும் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. இணைப்பின் வேகத்தை மெகாபிட் என்று சொல்கிறார்கள். படம், பாட்டு, கோப்பு ஆகியவற்றின் அளவையோ மெகாபைட் என்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் பிளான் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். "100 என்றார்கள், 12 தானே காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கோபப்படுவோர் பலர். அது ஏமாற்று அல்ல.

இனிச் சோதனைக்கு வருவோம். வீட்டில் யாரும் படம் பார்க்காத நேரமாகப் பாருங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் வீட்டு இணைப்பை விட்டுவிட்டுக் கைப்பேசிக் கம்பெனியின் வேகத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். மோடத்துக்கு ஐந்தாறு அடி தூரத்தில் நின்று, ஸ்பீட்டெஸ்ட் போன்ற வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்து, வரும் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அதே இடத்தில் வைத்து அதே சோதனை. கடைசியாக, மோடத்தோடு வந்த கேபிளைக் கணினியில் சொருகி, வைஃபையை அணைத்துவிட்டு, மூன்றாவது முறை.

பிளான் 100 என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் 90 வருகிறது. கணினியில் வைஃபை வழியாக 15. கேபிளில் மறுபடி 90. இணைப்பு நன்றாக இருக்கிறது, கணினியும் நன்றாக இருக்கிறது, கணினிக்குள் இருக்கும் வைஃபை வாங்கிதான் பழசு என்று அர்த்தம். 2003-இல் வந்த வைஃபை முறைக்குக் காகிதத்தில் உச்ச வேகம் 54 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதோடு பழைய கணினிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் சாமான்களும் பக்கத்து வீட்டு மோடமும் அதே அலையில்தான் சத்தம் போடுகின்றன. லயத்து வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒரு மோடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்து, யூ.எஸ்.பி. துளையில் சொருகும் சின்ன வைஃபை வில்லை. 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் வில்லையாகக் கேட்டு வாங்குங்கள்; சில பத்து வெள்ளியில் முடியும். அதுவும் வேண்டாம் என்றால் நீளமான கேபிளே போதும்.

கைப்பேசி, கேபிள் எல்லாவற்றிலுமே 15 தான் வருகிறதா? அப்படியானால் கோளாறு மோடத்திலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. மோடத்தின் மின்கம்பியைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மறுபடி சொருகிப் பாருங்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். தகர அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் அதை ஒளித்து வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. தகரமும் தண்ணீரும் அலையைத் தடுப்பவை. தோட்டங்களில் இழைக்கம்பி வராத இடத்தில் சிம் கார்டு போட்ட 4ஜி மோடம் வைத்திருப்பீர்கள். அதற்குத் தகரக் கூரையும் தகரச் சுவரும் பரம எதிரிகள். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னலோரம் மாற்றி வைத்தாலே எண் ஏறிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் இறங்குகிறது என்றால், அக்கம்பக்கத்தார் எல்லோரும் அந்த ஒரே கோபுரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். விண்ணப்ப வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுக்கு எழுந்து பழகிய குடும்பங்களுக்கு இது கஷ்டமா என்ன!

மூன்றாவது வகைதான் பழைய கணினி வீடுகளில் அதிகம். வேகம் அளந்தால் 90 காட்டுகிறது, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. தண்ணீர் குழாயில் நன்றாகத்தான் வருகிறது, பிடிக்கிற குவளைதான் சின்னது. விண்டோஸ் கணினி என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சட்டம் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாக எண்கள் இருக்கும். மந்தமாக இருக்கும் நேரத்தில் எது 100-ஐ ஒட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். டிஸ்க் 100-இலேயே நின்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. மெமரி நிரம்பியிருந்தால், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 4 கிகாபைட் மெமரி உள்ள கணினி அதைத் தாங்காது. எந்த நிரல் தின்கிறது என்பதும் அதே சட்டத்தில் தெரியும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையும், படங்களை மேலே ஏற்றும் வேலையும் திரைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கும். அது முடியும்வரை காத்திருங்கள், அல்லது நிறுத்தி வையுங்கள்.

டிஸ்க்தான் காரணம் என்றால், அதை மட்டும் மாற்றி எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். புதுக் கணினி விலையில் சிறு பங்குதான் ஆகும். கடையில் கொடுக்குமுன் படங்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

பிளான் மாற்றும் பேச்சுக்கும் ஒரு வார்த்தை. பழைய கணினிகள் பலவற்றின் கேபிள் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. நீங்கள் 300-க்கும் 500-க்கும் மாதா மாதம் பணம் கட்டினாலும் அதில் 95 அளவுக்குத்தான் வரும். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கிற வீடு என்றால் வேறு கதை. ஒரு பிள்ளையின் விண்ணப்பத்துக்கு 100-க்கு மேல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

கணினி உண்மையிலேயே கிழண்டுவிட்டது என்று சொல்லவும் ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் நின்றுவிட்டன. ஆதரவு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக்கொண்டால் பழைய கணினி இன்னும் சில வருடம் ஓடும். பள்ளியில் கணினி படித்த பிள்ளை யாராவது போட்டுத் தருவார்.

வெளியில்தான் கோளாறு என்று தெரிந்தால், வாய்ப்பேச்சாகப் புகார் செய்யாதீர்கள். நாள், மணி, கேபிளில் வந்த எண் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து, அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். நோட்டில் எண்கள் இருந்தால் தட்டிக்கழிக்க முடியாது.

இதெல்லாம் முடியச் சில வாரம் ஆகலாம். விண்ணப்பத் தேதி அதுவரை காத்திருக்காது. பக்கத்தில் நாடி என்ற பெயருள்ள அரசாங்க இணைய மையம் இருந்தால் மகளை அங்கே அழைத்துப் போங்கள். இல்லையேல் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கணினிக்குக் கொடுத்து, மற்றப் பக்கங்களையெல்லாம் மூடிவிட்டு, விண்ணப்பத்தை மட்டும் திறந்து பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். பதிவு எண் திரையில் வந்ததும் அதைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.