நிலத்தின் ஏட்டைப் படிக்கும் உரிமை யாருக்கு?

செஞ்சி நாட்டு மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவருமன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், மாழை, சுண்ணச்சாந்து எதுவுமின்றி நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் அதனை அமைத்ததாகக் கல்லில் பொறித்தும் வைத்தான். கல் தமிழ்மண்ணின் கல். பொறித்த மொழியோ வடமொழி! தன் ஊர்ப்பாறை சொல்வதைப் பிறர்வாய்க் கேட்டறியும் இழிநிலை அன்றே தமிழனுக்கு நேர்ந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தும் அந்நிலை மாறிற்றா? மாறவில்லை; மண்ணுக்கு மேலிருந்த இழிவு இன்று மண்ணுக்கு அடியிலும் இறங்கியிருக்கிறது.

மண்டகப்பட்டின் பழம்பாறையில் எரிவளி இல்லை. ஆனால் அதே விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரை காவிரிப் படிவுப்படுகையைச் சார்ந்தது. அப்படுகையின் ஆழத்தில், ஆண்டிமடத்தின் பெயர்கொண்ட அடுக்கு முதலியவற்றில், கரிமம் செறிந்த களிப்பாறைகள் உள்ளன. 'சேல்' வளி என்று செய்தித்தாள்கள் எழுதுவது இக்களிப்பாறை வளியையே. நுண்துளைகளில் சிறைப்பட்ட அது தானாக வெளிவராது. கிணற்றைக் கிடையாகத் திருப்பி, நீரும் மணலும் வேதிப்பொருளும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை நொறுக்க வேண்டும்.

எங்கே துளைப்பது என்பதைக் காட்டுவது அதிர்வலை ஆய்வு. வெடி வைத்தோ, பளுவுந்தியால் தரையை அதிர்வித்தோ அலைகளை உள்ளே செலுத்துவர். பாறை மாறும் இடந்தோறும் அவை எதிரொலித்து மீளும். மேலே வரிசையாக நட்ட உணர்கருவிகள் அவற்றைப் பதியும். மீண்ட நேரத்தால் ஆழமும், விரைவாலும் வலிமையாலும் பாறையின் இயல்பும் கணிக்கப்படும். கரிமம் செறிந்த இடம் எது, எளிதில் நொறுங்கும் அடுக்கு எது, பிளவுகள் எத்திசையில் ஓடுகின்றன என்பன ஓரளவு புலப்படும். இஃது அரிய அறிவே. அறிவைப் பழிப்பது தமிழர் மரபன்று.

ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. நொடிக்கு 3000 மீட்டர் செல்லும் அலை நொடிக்கு 30 முறை அதிருமாயின் அதன் நீளம் 100 மீட்டர். அதில் கால்பங்காகிய 25 மீட்டரினும் மெல்லிய அடுக்கை அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. சிறு பிளவுகள் தப்பிவிடும். இங்கிலாந்தில் பிளாக்புல் அருகே இவ்வாறு பாறை நொறுக்கியபோது 2011-இல் 2.3 அளவிலும், 2019-இல் 2.9 அளவிலும் நிலம் நடுங்கிற்று. அவ்வாண்டே அந்நாட்டரசு அத்தொழிலை நிறுத்தியது. அம்மக்கள் தம் நிலத்தின் நடுக்கத்தைத் தம் மொழியில் படித்தார்கள், படித்ததனால் கேட்டார்கள், கேட்டதனால் வென்றார்கள்.

இங்கே நடந்ததென்ன? 2013-இல் இந்திய அரசு களிப்பாறை வளி தேடப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு இசைவளித்தது. 2018-இல் மரக்காணம் முதல் கடலூர் வரையிலான பரப்பு எண்ணெய்க்கும் வளிக்குமென வேதாந்தா நிறுவனத்திற்கு ஒப்பந்தமாயிற்று. 2020 சனவரியில், தேடல் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டா என்று விதி திருத்தப்பட்டது. அவ்வாண்டே சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது. எட்டாம் அட்டவணை மொழிகள் 22-இலும் அதனைப் பெயர்க்கத் தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது! நம் மண்ணைப் பற்றிய ஆவணத்தை நம் மொழியில் பெற முறைமன்றப் படியேற வேண்டுமெனில், இதைவிட அடிமைத்தனம் வேறு யாது?

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் களிப்பாறை வளியைத் தடுப்பது மெய்யே. ஆனால் அச்சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையுமே காத்தது, விழுப்புரத்தைக் காக்கவில்லை. முன்பே நடந்த பணிகளையும் அது தொடவில்லை.

தமிழில் இவற்றை எழுத இயலுமா என வினவும் ஆங்கில அடிவருடிகள் உளர். அலை, அடுக்கு, பிளவு, ஆழம், களிப்பாறை என மேலே சொன்னவற்றுள் எதற்குத் தமிழ்ச்சொல் இல்லாமற் போயிற்று? இல்லாதது சொல்லன்று, உள்ளம்!

ஆகவே தமிழர்களே, இதனை உறுதியாகக் கேளுங்கள்: தமிழ்நிலத்தில் எடுக்கும் ஒவ்வோர் அதிர்வலைப் பதிவின் முடிவும், துளையிடும் இடமும் ஆழமும், செலுத்தும் வேதிப்பொருளும் தமிழில் எழுதப்பெற்று, ஊரவையின்முன் வைக்கப்பெற வேண்டும். ஊரவை படித்து இசையாதவரை ஒரு முளையும் நடலாகாது. மண்டகப்பட்டுக் கல்லைப் படிக்க மாட்டாமல் நின்றோம். நம் மண்ணின் மடியையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்டு நிற்போமாயின், மண்ணும் நமதன்று, மொழியும் நமதன்று.